மலரில் ஏறாத தோணி
செட்டிநாட்டு வரலாற்று மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

மலரின் உள்ளடக்கப் பட்டியலையும் முதல் படியையும் எனக்கு அனுப்பி, ‘பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று கேட்டிருந்தீர்கள். தனியே பதில் போட்டால் ‘கிடைத்தது, நன்றி’ என்பதோடு முடிந்துவிடும். அதனால் நாலு பேர் பார்க்கும்படியே எழுதிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் நிறை. நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின், ஒன்பது நகரக் கோயில்கள் பற்றிய பகுதி அருமை. முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று கையைப் பிடித்து வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கும் ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் எல்லாம் உரிய இடத்தில் இருக்கின்றன. 2014இல் நம் ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதைச் சொல்லியிருக்கிறீர்கள். 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றிய வெள்ளித்தேர் பினாங்கில் இன்றைக்கும் தைப்பூசத்துக்கு ஓடுவதையும் மறக்கவில்லை. சமையல் பகுதி கொஞ்சம் நீளம். அதை வெட்டச் சொன்னால் உங்களில் பலருக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது என்பதால் விட்டுவிடுகிறேன்.

என் பேச்சு ‘கடல் கடந்த வாணிகம்’ என்ற பகுதியைப் பற்றியது. இரண்டே பக்கம். அதில் நம் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போகிறார்கள், காடு கழனியாகிறது, செல்வம் சேர்கிறது, ஊரில் வீடு எழும்புகிறது. அப்புறம் போர் வருகிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே திரும்புகிறார்கள். கடைசி வரி: ‘எல்லாம் காலத்தின் கோலம்.’ அந்த வரியோடுதான் எனக்குத் தகராறு.

‘இலக்கியமும் செட்டிநாடும்’ பகுதியில் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் இருக்கிறார். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா இருக்கிறார். நாவலாசிரியர் ப. சிங்காரம் இல்லை. அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ இல்லை. ‘புயலிலே ஒரு தோணி’ இல்லை. உங்கள் இரண்டு பக்க வாணிபத்தை உள்ளே இருந்து பார்த்து எழுதிய ஆள் விட்டுப்போயிருக்கிறார். பெயரை மட்டும் பட்டியலில் செருகிவிட்டால் நான் சமாதானமாகிவிட மாட்டேன். அந்த நாவலைப் படித்துவிட்டு அந்த இரண்டு பக்கத்தையும் திரும்ப எழுதவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். காரைக்குடியில் பஸ் ஏறித் திருப்பத்தூர் தாண்டினால் வருகிற ஊர்தான். 1938இல், மீசை சரியாக முளைக்காத வயதில், சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். ஜப்பான்காரன் வந்ததையும் போனதையும் அங்கே இருந்து பார்த்தார். 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் நெடுங்காலம் வேலை செய்தார். எழுதியது இரண்டே நாவல். முதலாவது கலைமகள் பரிசு பெற்று 1959இல் வந்தது. இரண்டாவது, எழுதி முடித்துப் பத்தாண்டு போலக் காத்துக் கிடந்து 1972இல் அச்சேறியது. 1997 கடைசியில் காலமானார். கூட்டம், மேடை, பொன்னாடை எதுவும் இல்லாமல் வாழ்ந்த மனிதர்.

‘புயலிலே ஒரு தோணி’யின் கதையை ஒரு மூச்சில் சொல்கிறேன். சின்னமங்கலத்துப் பாண்டியன் மெடானில் வட்டிக்கடை ஆள். டச்சுக்காரன் ஆண்ட ஊரில் ஜப்பான் படை நுழைகிறது. கூட்டம் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறது. பாண்டியன் அங்கிருந்து தோணி ஏறிப் புயலில் சிக்கிப் பிழைத்துப் பினாங்கு சேர்கிறான். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். ஜப்பான் சரணடைந்ததும் அதுவும் கலைகிறது. மறுபடி சுமத்ரா போய், திரும்பி வந்த டச்சுக்காரனை எதிர்த்து இந்தோனேசியர் நடத்தும் கெரில்லாப் போரில் இறங்குகிறான். ஊர் திரும்பாமலே சாகிறான்.

இப்படிச் சொன்னால் சாகசக் கதை மாதிரி இருக்கிறது. அப்படியே எழுதியிருந்தால் நீங்களே தொடராகப் போட்டிருப்பீர்கள். ஆனால் சிங்காரம் அதை நேர்கோட்டில் ஓடவிடவில்லை. மெடானில் நிற்கிறவன் மனத்தில் சின்னமங்கலத்துச் சந்தை கூடுகிறது. மதுரைத் தெருக்கள் கடை கடையாக, ஆள் ஆளாக, வாசனையோடு வந்து போகின்றன. போர்க்களப் பேச்சின் நடுவே பட்டினத்தாரும் தாயுமானவரும் குறுக்கிடுகிறார்கள். சிலப்பதிகார நடை கிண்டலாகவும் ஏக்கமாகவும் ஒரே வரியில் வருகிறது. பேச்சுத் தமிழ், மலாய்ச் சொல், டச்சுத் தெருப்பெயர், பண்டிதத் தமிழ் எல்லாம் ஒரே பக்கத்தில் இடித்துக்கொள்கின்றன. நவீனத்துவ நாவல் என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். இதைப் பலர் வெறும் எழுத்து வித்தை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘முதலில் இது நடந்தது, அதனால் அது நடந்தது, ஆகவே நாம் இப்படி இருக்கிறோம்’ என்று வரிசையாகச் சொல்லும் வரலாற்றை நம்பாதவன் வேறு எப்படி எழுதுவான்?

பாண்டியன் எத்தனை கொடிகளின் கீழ் வாழ்கிறான் என்று பாருங்கள். பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை. பிழைப்பு டச்சுக் கொடியின் கீழ். பிறகு ஜப்பான் கொடி. அதன் நிழலிலேயே இந்திய விடுதலைக்கான படை. கடைசியில் 1945 ஆகஸ்டு 17இல் சுதந்திரம் அறிவித்த இந்தோனேசியாவுக்காகத் துப்பாக்கி தூக்குகிறான். இதில் அவன் நாடு எது? நம் பாடப் புத்தகத்தில் காலனி நாட்டு வரலாறு என்றால் வெள்ளைக்காரன் ஒரு பக்கம், நாம் மறு பக்கம். வட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிற தமிழன் எந்தப் பக்கம் என்று புத்தகம் கேட்பதில்லை. அவன் ஊரில் ஆளப்படுகிறவன். போன இடத்தில் ஆள்கிறவனின் சட்டத்தையும் கோர்ட்டையும் நம்பிப் பணம் கொடுத்து வாங்குகிறவன். இரண்டும் ஒரே ஆள்தான்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இங்கே அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸை இழுக்காமல் என்னால் இருக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது. ‘யுலிசிஸ்’ நாவலின் கதை 1904 ஜூன் 16ஆம் தேதி ஒரே நாளில் டப்ளினில் நடக்கிறது. அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நாவல் வெளியான 1922இல் தீவின் பெரும்பகுதி விடுபட்டுக்கொண்டிருந்தது. புது நாடு தன் பெருமையை எழுதிக்கொள்ளத் துடிக்கிற நேரத்தில், அந்தப் பெருமையை நோண்டிப் பார்க்கிற புத்தகம் வந்து சேர்ந்தது.

அதில் முதல் அத்தியாயத்தில் காலையில் பால் கொண்டுவரும் ஒரு கிழவி. கோபுர வீட்டில் தங்கியிருக்கும் ஆங்கிலேயன் ஐரிஷ் மொழி கற்றவன். ஆசையாக அவளிடம் ஐரிஷில் பேசுகிறான். அவளோ, நீங்கள் பேசுவது பிரெஞ்சா என்று கேட்கிறாள். ஆள்கிறவன் அவள் தாய்மொழியைப் படித்திருக்கிறான், ஆளப்பட்டவள் மறந்திருக்கிறாள். யாரும் கண்ணீர் விடவில்லை. பாலுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதே ஆங்கிலேயன் சற்று நேரத்தில் ஸ்டீபன் என்ற இளைஞனிடம் பெருந்தன்மையாகப் பேசுகிறான். உங்களை நாங்கள் சரியாக நடத்தவில்லை என்பது எங்களுக்கும் தெரிகிறது, வரலாற்றின் மேல்தான் குற்றம் போலிருக்கிறது என்கிறான்.

உங்கள் முதல் படியில் ‘எல்லாம் காலத்தின் கோலம்’ என்று படித்ததும் எனக்கு அந்த ஆங்கிலேயன்தான் ஞாபகத்துக்கு வந்தான். யார் எதைச் செய்தார்கள் என்று சொல்லாமல் தப்பிக்க நல்ல வழி, காலத்தைக் கூண்டில் ஏற்றிவிடுவது. காலம் வக்கீல் வைத்து வாதாடாது.

அடுத்த அத்தியாயத்தில் ஸ்டீபன் ஒரு பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்துகிறான். பிள்ளைகளுக்கு மனம் அதில் இல்லை. பாடம் முடிந்ததும் தலைமையாசிரியர் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தபடி உபதேசம் செய்கிறார்: ஆங்கிலேயனின் மிகப் பெரிய பெருமை எது தெரியுமா, யாருக்கும் ஒரு ஷில்லிங் கடன் வைத்ததில்லை என்பதுதான். ஸ்டீபன் பதில் சொல்லாமல் தான் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று மனத்துக்குள் பட்டியல் போடுகிறான். இதை வகுப்பில் நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, “கடனே வாங்கலன்னா எங்க ஐயா எப்படி சார் வீடு கட்டியிருப்பாங்க?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். நல்ல கேள்வி. மலரில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

அப்புறம் மதுக்கடை அத்தியாயம். தேசபக்தி முற்றிய ஒரு முரடன் உட்கார்ந்து ஐரிஷ் பழம்பெருமை பேசுகிறான். ஜாய்ஸ் அவனைக் காவிய நடையில் ஒரு பூதமாக வருணிக்கிறார். அவன் இடுப்புக் கச்சையில் ஐரிஷ் வீரர்களின் உருவம் செதுக்கிய கற்கள் தொங்குகின்றன. பட்டியல் நீண்டுகொண்டே போய், கொலம்பஸும் கிளியோபாத்ராவும் நெப்போலியனும் ஐரிஷ் வீரர்களாகிவிடுகிறார்கள். அந்த முரடனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் லியோபோல்ட் ப்ளூம். தகப்பன் ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். உன் தேசம் எது என்று கேட்கிறார்கள். அயர்லாந்து, இங்கேதான் பிறந்தேன் என்கிறான். கடைசியில் முரடன் பிஸ்கட் டின்னைத் தூக்கி அவன் மேல் எறிகிறான்.

கொலம்பஸ் ஐரிஷ்காரனான கதையைப் படித்துச் சிரிக்கும் நாம், பினாங்கில் பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் பேசிக்கொள்வதைப் படித்தால் சிரிப்பு தொண்டையில் நிற்கும். தமிழினப் பெருமை, தொன்மை, கோயில், காவியம், வீரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைக்கு நாம் இருக்கிற இருப்புக்கு இதெல்லாம் எந்த வகையில் ஜாமீன் என்று கேட்டு உரசிப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் அந்த இலக்கியத்தில் ஊறியவர்கள் அவர்கள். தெரியாமல் கிண்டல் செய்யவில்லை. பாண்டியன் என்று கதாநாயகனுக்குப் பெயர் வைத்து, அவனை வட்டிக்கடையில் உட்கார வைத்ததிலேயே சிங்காரத்தின் குறும்பு தெரிகிறது.

ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். ஜாய்ஸ் தன் ஊரை விட்டு ஓடிப்போய்த் தூரத்தில் இருந்து எழுதினார். சிங்காரம் திரும்பி வந்து மதுரையில் இருந்துகொண்டு, போன இடத்தை எழுதினார். அதனால்தான் அவர் நாவலில் இரண்டு ஏக்கம் இருக்கிறது: மெடானில் இருக்கும்போது மதுரைக்கு, மதுரையில் எழுதும்போது மெடானுக்கு. என் கணக்கில் இந்த விஷயத்தில் சிங்காரம் ஒரு படி மேல். ஆங்கிலத் துறையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், சரி, ஓய்வு பெற்றாகிவிட்டது.

இப்போது பர்மாவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வாதம் எனக்குத் தெரியும்: ‘சிங்காரம் எழுதியது சுமத்ரா, மலாயா, நம் பெரும்பணம் பர்மாவில் அல்லவா?’ ஆமாம். அதனால்தான் அந்த நாவல் கேட்கும் கேள்வியைப் பர்மாவிடம் கொண்டுபோகச் சொல்கிறேன். 1852இல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. ஐராவதிப் படுகையில் காடழித்து வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு வெள்ளைக்கார வங்கி நேரே கடன் கொடுக்கவில்லை; கொடுத்தது நம் கடைகள். அந்த உழைப்பில் முதல் நம்முடையது, முதுகு அவர்களுடையது. உங்கள் படியில் ‘காடு கழனியாகிறது’ என்று இருக்கிறது. யார் கையால் என்று இல்லை.

1930இல் உலக மந்தம் வந்து நெல் விலை பாதிக்குக் கீழே விழுந்தது. கடன் திரும்பவில்லை. ஈட்டு நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு. 1930களின் கடைசியில் நூற்றுக்கு இருபத்தைந்து. ஏழெட்டு ஆண்டில் கால் பங்கு விளைநிலம். இதில் நம் ஆட்களைப் பேராசைக்காரர் என்று திட்டுவது சுலபம், தப்பும்கூட. அவர்களில் பெரும்பாலானோருக்கு நிலம் வேண்டாம், ரொக்கம்தான் வேண்டும். வயலை வைத்துக்கொண்டு தேவகோட்டைக்காரர் என்ன செய்வார்? பணம் மண்ணில் முடங்கிப்போனது அவர்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் நிலம் போனவன் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கதை வேறு. 1942இல் அஸ்ஸாம் வழியாக நடந்து வந்தவர்களின் பாடு நிஜம். அவர்கள் விட்டு வந்த வயல் ஒருகாலத்தில் இன்னொருவனுடையதாக இருந்தது என்பதும் நிஜம். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டதை ‘பறித்தார்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே, அதற்கு முந்திய பதினெட்டு ஆண்டையும் சேர்த்து எழுதினால் என்ன?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், தூணையும் கதவையும் விட்டுவிட்டு மூலையில் கிடக்கும் காகிதத்தைக் கிளறுவது. ஒருநாள் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்று கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. மேலே பிள்ளையார் சுழி. தமிழ் எண்களில் வரவு, செலவு, வட்டி, நெல் கூடைக் கணக்கு. பற்றுப் பகுதியில் பெயர்கள்: மாங், கோ, மா என்று தொடங்கும் பர்மியப் பெயர்கள், நம் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி தமிழில் எழுதியது. சில பெயருக்கு நேரே பற்று தீர்ந்ததற்குக் குறுக்குக்கோடு. பல பெயருக்குக் கோடு இல்லை, நில விவரம் எழுதியிருந்தது: எத்தனை ஏக்கர், எந்தக் கிராமம், எல்லை என்ன. ஒரு பெண் பெயரின் கீழே மட்டும் வேறு மையில், வேறு கையெழுத்தில், ‘நேரில் வந்து அவகாசம் கேட்டது’ என்று ஒரு வரி. கொடுத்தார்களா இல்லையா என்பது இல்லை. கடைக்காரர், “அட்டை நல்லா இருக்கு சார், வெள்ளைக்காரங்க டைரி மாதிரி வாங்கிட்டுப் போறாங்க” என்றார்.

அந்த ஒரு வரி உங்கள் இரண்டு பக்கத்தைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. அந்தக் கணக்கை எழுதியது யார்? முதலாளி ஊரில் இருந்தார். எழுதியது கடையை நடத்திய மேலாளோ, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாளோ. என் தாத்தா ஈப்போவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். நாங்கள் நகரத்தார் இல்லை. மூன்று ஆண்டுக் கணக்கு. புறப்படும்போதே சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கிட்டங்கி என்பது நீளமான கூடம். ஒரே கூடத்தில் பல கடைகள். கடைக்கு ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, பின்னால் ஒரு அலமாரி. பகலில் அந்தப் பாயில் உட்கார்ந்து வியாபாரம், ராத்திரி அதே இடத்தில் படுக்கை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு சமையல்காரர். வீட்டில் பிறந்த பிள்ளையை மூன்று வயதில்தான் முதலில் பார்த்தார் தாத்தா. கடையில் தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன்கள் ராத்திரியில் அழுவார்கள், பெரியவர்கள் தூங்குவதுபோல் இருப்பார்கள் என்று அப்பத்தாவிடம் சொல்லியிருக்கிறார்.

மலரில் முதலாளிகளின் படம் பக்கம் பக்கமாக இருக்கிறது. பெட்டியடிப் பையன் எங்கும் இல்லை. சிங்காரம் எழுதியது அவன் வளர்ந்து ஆளானால் அவன் மனத்தில் என்ன ஓடும் என்பதை. ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் பினாங்கு வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான். முதலாளி வானாயீனாவுக்கு அவன் மேல் பாசம் உண்டு. ஆனால் துப்பாக்கி பிடித்தவன் கணக்குக்கு உதவமாட்டான், மகளைக் கொடுக்கவும் முடியாது. அவர் கொடுமைக்காரர் இல்லை. கடை அவருக்குக் கற்றுக்கொடுத்த அறிவு அது. நேதாஜிக்குப் பின்னால் போனோம் என்று மார்தட்டும் அதே தெரு, போய் வந்தவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கியது. இரண்டும் நம் வரலாறு. உங்கள் மலரில் தேசிய ராணுவத்துக்கு நிதி கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது. போய் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று இல்லை.

குழுவில் ஒரு பெரியவர் போனில் சொன்னதையும் குறிப்பிடவேண்டும். ‘அந்தப் புத்தகத்துல குடி இருக்கு, கூத்தியா இருக்கு, தமிழனைக் கேலி பண்றான். வீட்டுப் பெண்கள் படிக்கிற மலர்ல எப்படிப்பா?’ என்றார். குடியும் கூத்தும் இருக்கின்றன. போர்க்காலத் துறைமுக ஊரில் அவை இல்லாமல் எழுதினால்தான் பொய். மெடானில் ஜப்பான்காரன் வெட்டிய தலைகளைப் பார்வைக்கு வைத்திருந்த காட்சியும் அதே நாவலில் இருக்கிறது. அதை யாரும் ஆபாசம் என்று சொல்லவில்லை. தமிழனைக் கேலி செய்கிறான் என்பதற்கு ஒன்றே சொல்கிறேன். மதுரைத் தெருவையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் அந்த ஆசையோடு எழுதியவனுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு. டப்ளின்காரர்களும் ஆரம்பத்தில் ஜாய்ஸ்மேல் எரிச்சலாகத்தான் இருந்தார்கள். 1954இல் சில எழுத்தாளர்கள் ஜூன் 16ஆம் தேதி நாவலின் வழித்தடத்தில் ஊர்சுற்றிக் கொண்டாடினார்கள். இன்றைக்கு அது ஆண்டுதோறும் நடக்கும் ஊர்த்திருவிழா. நாவல் தொடங்கும் கடலோரக் கோபுரத்தில் ஜாய்ஸ் அருங்காட்சியகமே இருக்கிறது. கேலிக்கு ஆளான ஊர், கேலி செய்தவனை வைத்துச் சுற்றுலாவும் நடத்துகிறது. வியாபாரம் தெரிந்த நமக்கு இதையுமா நான் சொல்லித்தர வேண்டும்?

அவர் சொன்ன இன்னொன்று, ‘அவர் நகரத்தார் இல்லையே.’ இல்லை. சிங்காரம் வேலை பார்த்ததும் ஒரு பிள்ளை கடையில்தான். வானாயீனாவும் வயிரமுத்துப் பிள்ளைதான். வட்டிக்கடைத் தெரு ஒரு சாதியால் நடந்ததில்லை. கணக்குக்கு, காவலுக்கு, சமையலுக்கு, வசூலுக்கு என்று சுற்றுவட்டார ஊர்களே கப்பலேறின. மலரின் அட்டையில் ‘செட்டிநாடு’ என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் எல்லாரும் அதில் அடக்கம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சமையலில் நாலு பக்கத்தை எடுத்து (சண்டை வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்) வாணிபப் பகுதிக்குக் கொடுங்கள். அதில் 1930 முதல் 1948 வரை பர்மாவில் என்ன நடந்தது என்று எண்களோடு எழுதுங்கள். சிங்காரத்தின் இரண்டு நாவலையும் பற்றி ஒரு கட்டுரை வையுங்கள், பாராட்டுரை வேண்டாம். வீடு வீடாகப் பேரேடு, சம்பளச் சீட்டு, கடிதம் என்று என்ன இருக்கிறது என்று கேட்டு, கடைக்குப் போகும் முன் படியாவது எடுத்து வையுங்கள். ரோஜா முத்தையா கோட்டையூரில் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்கள், அவர் 1992இல் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்ததால்தான் பிழைத்துச் சென்னை போய்ச் சேர்ந்தன. பேரேடுகளைத் தேடி சிகாகோ வரப்போவதில்லை. ‘எல்லாம் காலத்தின் கோலம்’ என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கட்டுரை எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். ஆனால் நிலக் கணக்கு வரும் பத்தியை வெட்டுவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். குழுவில் நாவலைப் படிக்காதவர்கள் எத்தனை பேர் என்று சொன்னால் அத்தனை படி வாங்கி வருகிறேன். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையிலா சாயங்காலமா என்பதையும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து,
ஓய்வு பெற்ற ஓர் ஆங்கில ஆசிரியன்